புதுப்பிப்பு: நெல்லின ஒன்டொலஜிக்கு எந்தக் களஞ்சியம்?

கொழும்பில் நாங்கள் சிலர் சேர்ந்து தொகுத்துவரும் நெல்லின ஒன்டொலஜியை (நெல்லினங்களின் பெயர்களையும் அவற்றிடையேயான தொடர்புகளையும் கணினி படிக்கும் வகையில் வரையறுக்கும் தொகுப்பை) எங்கே வைத்துப் பராமரிப்பது என்று இவ்விழையில் முன்பு கேட்டிருந்தேன். ஓஎல்எஸ், பயோபோர்ட்டல் ஆகிய இணையக் களஞ்சியங்களையும், கோப்பின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் மென்பொருளை மட்டும் பயன்படுத்துவதையும் ஒப்பிடுமாறு சொன்னீர்கள். ஒப்பிட்டதன் பயனை இங்கே பதிகிறேன்.

ஐரோப்பிய உயிர்தகவலியல் நிறுவனத்தின் ஓஎல்எஸ் தேடலுக்கு மிகச் சிறந்தது. ஆனால் வேறிடத்தில் வெளியான கோப்பை எடுத்துக் காட்டுமே தவிர, அது திருத்தும் இடமன்று. ஸ்டான்போர்டின் பயோபோர்ட்டலோ பயனரே பதிவேற்றவும், பழைய பதிப்புகளைப் பேணவும், இரு ஒன்டொலஜிகளின் சொற்களை ஒன்றோடொன்று இணைக்கவும் இடமளிக்கிறது. அதன் மென்பொருளை ஒன்டோபோர்ட்டல் என்ற பெயரில் சொந்த சேர்வரிலும் நிறுவலாம். வேளாண்மைக்கான அக்ரோபோர்ட்டல் அவ்வாறு உருவானதே.

என்னைப் பொறுத்தவரை, களஞ்சியத்தின் உயிர்நாடி பதிப்பு மேலாண்மைதான். ஒன்டொலஜிகளை எழுதும் மொழிக்கென 2009 இல் வெளியான ஓடபிள்யூஎல் 2 தரநிலை, ஒன்டொலஜிக்கு நிலையான முகவரி ஒன்றையும் ஒவ்வொரு பதிப்புக்கும் தனி முகவரியையும் தர வழிசெய்கிறது. இதை மதிக்காத களஞ்சியத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெறும் கிட் போதாது என்பதையும் கண்டோம். மொட்டைக்கறுப்பன் என்ற நெல்லினத்துக்கான வகுப்புக்குச் சிங்களப் பெயரொன்றைச் சேர்த்துச் சேமித்தபோது, எங்கள் தொகுப்பி மென்பொருள் கோப்பின் வரிசையையே மாற்றி எழுதிவிட்டதால், கிட் ஏராளமான வரிகள் மாறியதாகக் காட்டியது. ஒன்டொலஜிக் கோப்புகளைக் கையாளும் ரோபோட் கருவியின் ஒப்பீட்டுக் கட்டளையோ சேர்த்த அந்த ஒரு கூற்றை மட்டுமே காட்டியது.

ஆகவே மூலக்கோப்பு கிட்டிலும், வெளியீடுகள் ஒன்டோபோர்ட்டலிலும் இருக்கும். ஒவ்வொரு மாற்றமும் ரோபோட் ஒப்பீட்டுடனேயே மீளாய்வுக்கு வரும். சேர்வரைத் தொடர்ந்து பராமரிக்கப் போவது யார் என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.