விபி6 பில்லிங் நிரலை பைத்தானுக்கு மாற்றினால் தொகை இடிக்கிறது

குலசேகரம்காரன்:
மாமாவின் ரப்பர் ஷீட் கடையில் ஓடும் பழைய விபி6 (விஷுவல் பேசிக் 6) பில்லிங் நிரலை வரிக்கு வரி பைத்தானுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன், ஓடுகிறது, ஆனால் சில பில்லில் ஒரு ரூபாய் குறைகிறது, ஒட்டுப்பால் (உறைந்த கழிவு ரப்பர்) திருப்பி எடுக்கும் மைனஸ் பில்லிலும் கணக்கு மாறுகிறது. எங்கே பார்க்க?

தக்கலை அண்ணாச்சி:
விபியில் முழு எண்ணாக மாற்றும் சிஇன்ட் இருந்த இடத்தில் பைத்தானின் இன்ட் போட்டிருக்கிறாயா? சிஇன்ட் 2.7ஐ 3 ஆக்கும், பைத்தானின் இன்ட் தசமத்தை வெட்டி 2 ஆக்கிவிடும். இன்ட்டுக்குப் பதில் ரவுண்ட் போடு. 2.5 வந்தால் சிஇன்டும் ரவுண்டும் 2 தான் தரும், பயமில்லை.

மார்த்தாண்டம் கோடர்:
மைனஸ் பில் மாறுவதற்குக் காரணம் முழு எண் வகுத்தல். விபியில் -7 \ 2 என்றால் -3, பைத்தானில் -7 // 2 என்றால் -4. மீதியைத் தரும் மோடின் விடையிலும் பிளஸ், மைனஸ் குறி இப்படித்தான் மாறும். அப்புறம் விபியின் கரன்சி வகையை, தசமத்தைத் தோராயமாக வைக்கும் ஃப்ளோட் ஆக்காதே, கரன்சி நாலு தசம இடத்தைத் துல்லியமாக வைக்கும், பைத்தானில் அதற்கு டெசிமல்தான் சரி. வரிக்கு வரி மாற்றுவதே எனக்குப் பிடிக்காது மக்கா, பழைய பில்களை இரண்டு நிரலிலும் ஓட்டி ஒப்பிடு.

குலசேகரம்காரன்:
ஒரு ரூபாய் சரியாகிவிட்டது அண்ணாச்சி! வகுத்தலை ராத்திரி பார்க்கிறேன்.

தக்கலை அண்ணாச்சி:
சரி, விபியில் ட்ரூ (உண்மை) என்றால் -1, டேட்டாபேஸில் அப்படி எண்ணாக எழுதியிருந்தால் அதையும் பார்.