அறிவியல் புனைகதைப் பக்கமே போகாதவர்களிடம் புத்தகம் கொடுத்தபோது

கரூர்க்காரன்

சித்தப்பா அச்சகத்தில் முப்பது வருடம் மெய்ப்புப் பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும் பென்சில் இல்லாமல் எதையும் படிக்க மாட்டார். ராக்கெட் கதை எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு என்பது அவர் கட்சி. டேனியல் கீஸின் ‘ஃபிளவர்ஸ் ஃபார் அல்ஜெர்னான்’ நாவலை எதுவும் சொல்லாமல் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாளே போன். “எவன் அச்சடித்தான் இதை? பக்கத்துக்குப் பத்துப் பிழை!” கதையைத் தன் குறிப்புகளாக எழுதும் சார்லி மனவளர்ச்சி குன்றியவன். அவன் அப்படித்தான் எழுதுவான், மேலே படியுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்துச் சித்தி புத்தகத்தைக் கொடுத்தனுப்பினார். முதல் பக்கங்களில் ஒவ்வொரு பிழையும் சுழிக்கப்பட்டு, ஓரத்தில் திருத்தம் எழுதப்பட்டிருந்தது. அறிவைக் கூட்டும் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு சார்லியின் மொழி தெளிகிறது அல்லவா, அங்கிருந்து பக்கங்கள் சுத்தம். கடைசியில் அந்த அறிவு மங்கி, பிழைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருமே, அங்கே சித்தப்பா ஒரு கோடுகூடப் போடவில்லை. ஒரே ஒரு வரியின் கீழ் பென்சில் முனை அழுந்திய புள்ளி மட்டும் இருக்கிறது. அதைப் பற்றி இதுவரை நாங்கள் பேசவில்லை. கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

மூன்றாம் மாடி

எனக்கு நடந்தது தோல்விதான். அலுவலகத் தோழி அசோகமித்திரனையும் ஜெயகாந்தனையும் கரைத்துக் குடித்தவள். லியு சிஷினின் ‘தி த்ரீ-பாடி ப்ராப்ளம்’ கொடுத்தேன். 1967, சீனாவின் கலாச்சாரப் புரட்சி, மேடையில் பேராசிரியரை மாணவிகளே அடித்துக் கொல்ல, மகள் கூட்டத்தில் நின்று பார்க்கிற முதல் அத்தியாயம். மறுநாள் சாப்பாட்டு வேளை முழுவதும் அதையே பேசினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான்கு நாள் கழித்து டப்பாவை மூடிக்கொண்டே கேட்டாள்: “மனிதர்களைக் காயவைத்துப் பாய் மாதிரி சுருட்டி வைக்கிறார்களே, அதற்குமேல் நான் எப்படிப் படிப்பது?” குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான். அதன் பிறகு நான் எந்தப் புத்தகத்தைச் சொன்னாலும் “பார்க்கலாம்” என்கிறாள். அந்தப் “பார்க்கலாம்” இன்னும் உறுத்துகிறது. முதல் அத்தியாயத்தை முன்னால் வைத்து வாசகரை ஏமாற்றிவிட்டு நடுவில் மனிதர்களைச் சுருட்டி வைக்கிற அந்தக் கணினி விளையாட்டுக்குள் இழுத்துப்போவது அந்த நூலின் குறை என்றே நினைக்கிறேன்.

பழைய வாசகன்

மூன்றாம் மாடி சொல்வதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. 2008இல் சீனத்தில் நூலாக வந்தபோது அந்த அத்தியாயம் முன்னால் இல்லை. தணிக்கைக்குப் பயந்து நடுவில் புதைத்து வைத்திருந்தார்கள். 2014இல் ஆங்கிலத்தில் வந்தபோதுதான் மொழிபெயர்ப்பாளர் கென் லியு, ஆசிரியரின் சம்மதத்தோடு அதை முன்னுக்குக் கொண்டுவந்தார். ஆசிரியர் முதலில் நினைத்த வரிசையும் அதுவே. வாசகரைப் பிடிக்கப் போட்ட தூண்டில் அல்ல அது. அந்த மகள் பிற்பாடு எடுக்கும் முடிவுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. உங்கள் தோழிக்கு அதை ஒரு வரியில் சொல்லியிருந்தால் விளையாட்டு அத்தியாயங்களைத் தாண்டியிருப்பார்.

என் கதை சிறியது. என் மனைவிக்குச் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ கொடுத்தேன். குழந்தை பெற்றுக்கொள்ள அரசாங்க அனுமதிக்குக் காத்திருக்கும் நிலாவைப் படித்ததும், அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். ரோபோ நாய் ஜீனோ வருவதற்கு முன்பே கதை அவளைப் பிடித்துவிட்டது. எங்களுக்குக் குழந்தை பிறக்க ஒன்பது வருடம் ஆயிற்று.

அதனால் சொல்கிறேன், கொடுக்கும்போது ‘அறிவியல் புனைகதை’ என்ற பெயரையே எடுக்காதீர்கள். ‘முதல் நூறு பக்கம் பொறுத்துக்கொள்’ என்று சொல்லவே சொல்லாதீர்கள். யாரும் யாருக்கும் நூறு பக்கம் கடன்பட்டிருக்கவில்லை. அவர் கடைசியாக எந்தக் கதைக்கு அழுதார் என்று விசாரியுங்கள். ஒல்லியான நூலாகக் கொடுங்கள். தொடர் நாவலின் முதல் பாகத்தைக் கொடுப்பது பாவம். ‘படித்தாயா, படித்தாயா’ என்று நச்சரிக்காதீர்கள். தமிழில் இருந்தால் தமிழிலேயே கொடுங்கள். புது உலகமும் புது மொழியும் ஒரே சமயத்தில் பாரம். கரூர்க்காரன், நீங்கள் சித்தப்பாவிடம் கேட்கவே கேட்காதீர்கள். அந்தப் புள்ளியே பதில்.

கரூர்க்காரன்

அவருக்கு எழுபத்தெட்டு வயது. கேட்காமலே இருந்துவிடுவோமோ என்பதுதான் என் கவலை.

கேத்தி மகள்

அப்பா ஆங்கிலம் படிக்க மாட்டார், கதையும் படிக்க மாட்டார். நீலகிரியில் நாற்பது வருடமாக உருளைக்கிழங்கு போடுகிறார். ஆண்டி வியரின் ‘தி மார்ஷியன்’ கதையைத் தினமும் இரவு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். செவ்வாயில் தனியாக மாட்டிக்கொண்டவன் கிழங்கு பயிரிடுகிறான் என்றதும், “விதைக்கிழங்கு ஏது?” என்றார். பண்டிகைச் சமையலுக்கு அனுப்பிய பன்னிரண்டு கிழங்கு என்றேன். கண் இருக்கும்படி நறுக்கினானா என்று கேட்டார். நறுக்கினான். எருவுக்கு என்ன செய்தான்? அதையும் சொன்னேன், தலையாட்டினார். ராக்கெட் எரிபொருளிலிருந்து தண்ணீர் எடுத்ததை மட்டும் நம்பவில்லை. இரண்டு முறை சொல்ல வைத்தார்.

அவன் பயிர் வளர்த்த கூடாரத்தின் வாசல் பிய்த்துக்கொண்டு போய்ப் பயிர் முழுவதும் உறைந்துபோகும் இடம் வந்தது. அப்பா பேசவே இல்லை. எங்கள் ஊரில் ஜனவரி உறைபனியில் ஒரே இரவில் இலையெல்லாம் கருகி நின்றதை நானும் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். எழுந்து ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“கிழங்கு மிஞ்சியதா?”

“மிஞ்சியது அப்பா. சாப்பிடலாம். ஆனால் இனி முளைக்காது.”

“விதை போய்விட்டதா,” என்றார். போர்வையை இழுத்துக்கொண்டு, “நாளைக்குச் சீக்கிரம் வா, மீதியைச் சொல்,” என்றார்.