கோல்ஃப் வீச்சில் ‘லேக்’: பின்தங்கலா, பின்வரவா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

கோல்ஃப் ஆட்டத்தில் பந்தை நெடுந்தொலைவு அடிக்கும் நுட்பம் பற்றித் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலான சொற்கள் அதிகம் தொல்லை தராமல் அமைந்துவிட்டன. கோலின் தலை கைகளுக்குப் பின்னே வருவதைச் சொல்லும் ‘லேக்’ (lag), பிறகு அந்த மடிப்பு விரிவதைச் சொல்லும் ‘ரிலீஸ்’ (release) என்னும் இரண்டில் மட்டும் மூன்று வாரமாகச் சிக்கிக்கொண்டு நிற்கிறேன். இந்த இரண்டும் தவறாக அமைந்தால் கையேட்டைப் படிப்பவரின் வீச்சும் தவறாக அமையும் என்பதால் உங்கள் கருத்தைக் கேட்கிறேன்.

முடிவு செய்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். குழிப்பந்தாட்டம் என்ற ஆக்கம் இருந்தாலும், ஆடுகிறவர் எவரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை என்பதால் கோல்ஃப் என்ற பெயரை அப்படியே வைத்துக்கொள்கிறேன். அடிக்கும் கருவிக்கு மட்டை என்பதைவிடக் கோல் என்பதே பொருந்துகிறது. மட்டை என்றதும் அகலமான தட்டைப் பரப்பு கண்ணில் வருகிறது, இதுவோ நீண்ட தண்டும் அதன் நுனியில் ஒரு தலையும் கொண்டது. (கோல்ஃபுக்குக் கோல் என்ற ஒலியொற்றுமை தற்செயலாக வாய்த்தது.) ‘ஸ்விங்’ என்பதற்குக் கோல்வீச்சு என்று வைத்திருக்கிறேன். வெறும் வீச்சு என்று எழுதினால் இயற்பியல் மாணவர் அலையின் வீச்சையும், கிரிக்கெட் ரசிகர் பந்துவீச்சையும் நினைப்பார்கள். ‘டிரைவ்’ என்பதற்கு நெடிலடி என்று எழுதி மகிழ்ந்திருந்தேன்; ஐந்து சீர் கொண்ட அடிக்கு யாப்பில் அந்தப் பெயர் இருப்பது நினைவுக்கு வந்ததும் அடித்துவிட்டுத் தொலையடி என்று மாற்றினேன். இலக்கின் பக்கம் இருக்கும் கையை இடக்கை என்று எழுதினால் இடக்கை ஆட்டக்காரருக்கு எல்லாமே தலைகீழாகும்; முன்கை என்றாலோ முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடைப்பட்ட பகுதிக்கு அந்தச் சொல் ஏற்கெனவே வழங்குகிறது. ஆகவே இலக்குக்கை, துணைக்கை என்று பிரித்திருக்கிறேன்.

இனிச் சிக்கலுக்கு வருகிறேன். ஆட்டக்காரர் ஒருவர் கோலை மேலே கொண்டுபோய் இறக்குவதை எதிரில் நின்று பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். மேல்வீச்சுக்கு முக்கால் விநாடி ஆனால் கீழ்வீச்சு கால் விநாடியில் முடிந்துவிடுகிறது. அந்தக் கால் விநாடியின் நடுவில் இலக்குக்கை தரைக்கு இணையாக வரும்போது, கோலின் தண்டு அந்தக் கையோடு ஏறத்தாழச் செங்கோணமாக மடிந்து வானை நோக்கி நிற்கிறது. கைகள் மார்பளவுக்கு இறங்கிவிட்டன. கோல்தலையோ இன்னும் உயரத்திலேயே இருக்கிறது. இந்த நிலையைத்தான் லேக் என்கிறார்கள். அடுத்து, கண்ணால் தொடர முடியாத வேகத்தில் அந்த மடிப்பு விரிந்து, பந்தைத் தொடும்போது கையும் தண்டும் ஏறக்குறைய ஒரே கோட்டுக்கு வந்துவிடுகின்றன. அந்த விரிவே ரிலீஸ். பந்தும் கோல்முகமும் ஒட்டியிருக்கும் நேரம் ஒரு விநாடியில் சுமார் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான் என்பதால், விரிவு கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் தொலைவு போய்விடும்.

இதை இரட்டை ஊசலாகப் பார்ப்பது இயற்பியலில் வழக்கம். தோளிலிருந்து தொங்கும் கை முதல் ஊசல், மணிக்கட்டிலிருந்து தொங்கும் கோல் இரண்டாவது ஊசல். கோல் மடிந்திருக்கும்வரை அதன் நிறை சுழற்சி மையத்துக்கு அருகிலேயே இருக்கிறது. நிலைமத் திருப்புத்திறன் (சுழற்றுவதற்கு எழும் எதிர்ப்பு) குறைவாக இருப்பதால் உடல் எளிதாகக் கைகளை வேகப்படுத்த முடிகிறது. கைகள் வேகம் பெற்றபின், கோல்தலை நேர்கோட்டில் ஓடப் பார்க்கிறது, கைகளோ வளைவில் செல்வதால் அதை உள்நோக்கி இழுக்கின்றன. இந்த இழுப்பிலேயே மடிப்பு விரியத் தொடங்குகிறது. அது விரியும்போது கைகளின் வேகம் குறைந்து, அவை இழந்த வேகம் கோல்தலையில் ஏறுகிறது. சாட்டையின் பிடி நின்றபின் நுனி சொடுக்குவது போன்றதுதான் இது.

இப்போது சொல்லைத் தேடுவோம். மாறுதிசை மின்னோட்டப் பாடத்தில் ஒன்று மற்றொன்றுக்குப் பின்தங்கியுள்ளது என்று படித்திருக்கிறோம்; அந்த வழியில் பின்தங்கல் என்பதே முதலில் கைக்கு வருகிறது. ஆனால் தமிழில் பின்தங்கிய எதுவும் நல்ல பெயர் எடுத்ததில்லை. படிப்பிலோ ஓட்டத்திலோ பின்தங்கியவரைக் கைதூக்கிவிட வேண்டும் என்றே நமக்குத் தோன்றும். கோல்தலை பின்தங்குகிறது என்று படிக்கும் ஆட்டக்காரர் அதை முன்னே தள்ளிவிடப் பார்ப்பார், அதுவே பெரும் பிழை. பின்னடைவு அதைவிட மோசம், அது தேர்தல் முடிவு நாளுக்கு உரிய சொல். தாமதம் என்பது காலத்தைச் சொல்கிறதே தவிர இடத்தைச் சொல்வதில்லை. நண்பர் ஒருவர் தயக்கம் என்ற சொல்லைத் தந்தார். காந்தவியலில் தயக்கக் கண்ணி என்று நிலைபெற்றுவிட்ட அழகான சொல் அது. ஆனால் கோலைத் தூக்கி நிற்பவரிடம் தயங்கு என்று சொல்லிப் பாருங்கள், பந்து இருந்த இடத்திலேயே இருக்கும்.

நான் முன்வைப்பது பின்வரவு. கைகள் முன்னே போக, கோல்தலை பின்னே வருகிறது. குறை கூறும் தொனி இதில் இல்லை. வந்து சேரும் என்ற உறுதியும் உள்ளேயே இருக்கிறது. அத்துடன் ‘வா’ என்னும் வினையிலிருந்து பிறந்ததால், அது தானாக நிகழ்வது என்பதும் விளங்குகிறது.

இந்தத் ‘தானாக’ என்பதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. ஆட்டம் பழகத் தொடங்கிய ஆண்டில், பயிற்றுநர் ஒருவர் என்னிடம் “லேக்கைப் பிடித்து வை, ரிலீஸ் செய்” என்று ஒவ்வொரு வீச்சுக்கும் சொன்னார். நானும் மணிக்கட்டை இறுக்கி மடிப்பைப் பிடித்து வைத்தேன். இறுகிய மணிக்கட்டு நேரத்துக்கு விரியாததால் கோல்முகம் திறந்தபடியே, அதாவது இலக்குக்கு வலப்புறம் நோக்கியபடியே, பந்தைச் சந்தித்தது, பந்து வரிசையாக வலப்பக்கம் வளைந்து போயிற்று. அதைத் திருத்த அடுத்த வாரம் முழுபலத்தோடு விரித்தேன். அப்போது கீழ்வீச்சின் தொடக்கத்திலேயே மடிப்பு போய், கோல்தலை பந்துக்கு வருமுன்பே தன் வேகத்தைச் செலவழித்துவிட்டது. பிழை அவர் அறிவில் இருந்ததாக நான் நினைக்கவில்லை. அவர் பயன்படுத்திய வினைச்சொற்கள் இரண்டும் என்னைச் ‘செய்’ என்று ஏவின என்பதே சிக்கல்.

‘ரிலீஸ்’ என்ற சொல், விடுவதையும் விடுபடுவதையும் ஒரே வடிவத்தில் சொல்லும். தமிழில் அந்த மயக்கம் வேண்டியதில்லை. முடிச்சு அவிழ்ந்தது என்றால் ஒன்று, முடிச்சை அவிழ்த்தான் என்றால் வேறொன்று. தன்வினைக்கும் பிறவினைக்கும் ஓர் ஒற்றெழுத்துதான் இடைவெளி, அந்த ஒற்றெழுத்துக்குள் பல மாதப் பயிற்சி அடங்கியிருக்கிறது. எனவே ரிலீஸ் என்பதற்கு அவிழ்வு என்ற தன்வினைப் பெயரையும், ஆட்டக்காரர் தம் கையால் முன்கூட்டியே மடிப்பைக் கலைத்துவிடும் பிழைக்கு முந்தவிழ்ப்பு என்ற பிறவினைப் பெயரையும் பரிந்துரைக்கிறேன். அந்தப் பிழையை ‘காஸ்டிங்’ என்பார்கள், தூண்டிலை வீசுவது போன்ற மணிக்கட்டு அசைவு என்பதால். தூண்டில்வீச்சு என்று பெயர்த்தால் படம் நன்றாக வரும், ஆனால் அவிழ்வோடு உள்ள உறவு அறுந்துவிடும்.

மற்றவற்றை விரைவாகச் சொல்கிறேன். பந்து கிளம்பும் கோணத்துக்கு எறிபொருள் பாடத்தின் எறிகோணமே போதும். கோல்தலை பந்தை நோக்கி ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைச் சொல்லும் கோணத்துக்குத் தாக்குகோணம் என்று எழுதினால் விமானச் சிறகின் கோணத்தோடு குழம்பும். மோதுகோணம் என்று வைத்தேன். தொலையடியில் அமெரிக்கத் தொழில்முறை ஆண்களின் சராசரி ஏறத்தாழ 1 பாகை இறங்குமோதலாகவும், பெண்களின் சராசரி ஏறத்தாழ 3 பாகை ஏறுமோதலாகவும் இருப்பதால், இந்தச் சொல் அடிக்கடி தேவைப்படும். இடுப்பு, மார்பு, கை, கோல் என்று வேகம் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும் முறைக்குக் கைமாற்று வரிசை என்று விளையாட்டாக எழுதினேன். கைமாற்று என்றால் திருப்பித் தர வேண்டும், இடுப்புக்கு யாரும் எதையும் திருப்பித் தருவதில்லை என்பதால் வேகத்தொடர் என்று மாற்றிவிட்டேன்.

அன்புடன்.

*

மறுமொழி:

ஐயா, அவிழ்வு, முந்தவிழ்ப்பு இரண்டையும் தயங்காமல் ஏற்கிறேன். பின்வரவில் எனக்கு இரண்டு தடைகள் உண்டு.

முதலாவது, அளவு. நீங்கள் நிகழ்வுக்குப் பெயர் வைத்திருக்கிறீர்கள். பயிற்றுநர் அளப்பது கோணத்தை. பின்வரவுக் கோணம் 90 பாகை என்று ஒவ்வொரு படத்துக்குக் கீழும் எழுதினால் வாய் வலிக்கும். மேலும் ‘பின்வரும் படத்தில் பின்வரவு’ என்று ஒரு வாக்கியம் எங்காவது தவறாமல் வந்து நிற்கும். மடிகோணம் என்பது குறுகியது, என்ன மடிகிறது என்பதும் கண்ணுக்குத் தெரிகிறது.

இரண்டாவது, இயற்பியல். அவிழ்வு முழுவதும் தானாக நிகழ்வது என்று நீங்கள் எழுதுவது ஒரு படி அதிகம். கைகள் வேகம் பெற்றபின், சரியான நொடியில் மணிக்கட்டுத் தசைகளும் விரியும் திசையில் திருப்புவிசை கொடுத்தால் கோல்தலையின் வேகம் இன்னும் சற்றுக் கூடும் என்பதை இதே ஊசல் மாதிரிகள் காட்டுகின்றன. அந்த விசை முன்கூட்டி வந்தால் முந்தவிழ்ப்பு. உரிய நேரத்தில் வந்தால் அது கூடுதல் லாபம். உங்கள் தன்வினைப் பெயர் அதற்கு இடமளிக்கவில்லை. உங்கள் பழைய பயிற்றுநர் ‘செய்’ என்று சொன்னதில் பாதி உண்மை இருந்தது என்று நினைக்கிறேன்; அவர் எப்போது என்பதைச் சொல்லாமல் விட்டார்.

இன்னொன்று. கருவிக்கும் பந்துக்கும் கையேட்டில் தனி அத்தியாயம் ஒதுக்கி அங்கேயும் சொல்லாக்கத்தில் நேரம் செலவிட வேண்டாம் என்பது என் கருத்து. கோல்தலையின் பருமன் 460 கன சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, பந்தின் எடை 45.93 கிராமுக்கு மேல் போகக்கூடாது, தொலையடிக் கோலின் நீளம் 48 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது, தொழில்முறைப் போட்டிகள் விரும்பினால் அதை 46 அங்குலமாகக் குறைத்துக்கொள்ள 2022 முதல் விதி இடம் தருகிறது. கருவியில் எல்லாக் கதவுகளும் சாத்தியாயிற்று. கற்பவருக்கு மிஞ்சியிருப்பது உடல்தான். சொல்வளமும் அங்கேதான் வேண்டும்.

*

மறுமொழிக்கு மறுமொழி:

மடிகோணத்தை ஏற்றுக்கொள்கிறேன், நான் ஒரே சொல்லில் இரண்டையும் கட்ட முயன்றிருக்கிறேன் என்பது உங்கள் கடிதத்தைப் படித்தபின்தான் தெரிந்தது. மடிகோணம் அளவு, பின்வரவு நிகழ்வு. வெப்பநிலையும் வெப்பமும் போல இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும். இந்தப் பிரிவினால் இன்னொரு நன்மையும் உண்டு: மேல்வீச்சின் உச்சியில் மடிகோணம் இருக்கிறது, ஆனால் கோல்தலை இன்னும் எதையும் தொடர்ந்து வரத் தொடங்கவில்லை, ஆகவே பின்வரவு இல்லை. கோலை மேலே மடித்து வைத்தாலே லேக் கிடைத்துவிட்டது என்று எண்ணி நிழற்படத்துக்கு நிற்பவர்களுக்கு இந்த வேறுபாடு உடனே உறைக்கும்.

தசைகளின் பங்கு பற்றிய திருத்தமும் சரியானதே. ஆயினும் பெயரை மாற்ற நான் விரும்பவில்லை. ஊஞ்சலைத் தள்ளுகிறவர் இருக்கிறார் என்பதற்காக ஊஞ்சல் ஆடுகிறது என்ற வினையை நாம் கைவிடுவதில்லை. எப்போது தள்ள வேண்டும் என்பதை மட்டும் கற்றுக்கொடுக்கிறோம். அவிழ்வு என்பது நிகழ்வின் பெயராகவே நிற்கட்டும், தசை தரும் அந்தக் கடைசி உதவியை அவிழ்வுத்துணை என்று தனியே குறிக்கலாம். புதிதாகப் பழகுபவருக்கு அந்தப் பத்தியை நான் காட்டப்போவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கையேட்டின் பிற்பகுதியில், பந்து நேராகப் போகத் தொடங்கியவர்களுக்காக அதை வைப்பேன்.

கருவி அத்தியாயம் இரண்டு பக்கமாகச் சுருங்கிவிட்டது.

சொற்கள் நடைமுறையில் நிற்குமா என்று பார்க்க, கையேட்டின் ஐந்தாம் பயிற்சியைப் புதிய சொற்களால் எழுதிப் பார்த்தேன். கலைச்சொல் பட்டியலைப் பார்க்காமல் இது விளங்குகிறதா என்று கோல்ஃப் ஆடாத உறுப்பினர்கள் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்:

“கோலைத் தலைகீழாகத் திருப்பி, கோல்தலையை ஒட்டித் தண்டைப் பிடித்துக்கொண்டு, பந்தில்லாமல் வீசுங்கள். காற்றைக் கிழிக்கும் ஓசை எங்கே கேட்கிறது என்று கவனியுங்கள். துணைக்கையின் தோளருகே கேட்டால் அது முந்தவிழ்ப்பு. பந்து இருக்க வேண்டிய இடத்திலோ அதைச் சற்றுத் தாண்டியோ கேட்டால், மடிகோணம் கடைசிவரை நின்று பின் அவிழ்ந்திருக்கிறது. ஓசையை அங்கே நகர்த்த மணிக்கட்டை இறுக்காதீர்கள்; பிடியைத் தளர்த்தி, கீழ்வீச்சை இடுப்பிலிருந்து தொடங்குங்கள்.”