லித்தியம் பேட்டரி போட்ட பிறகு ஆர்.வி.யில் (வீடு போல வசதி உள்ள வண்டி) எதுவும் வேலை செய்யவில்லை, வெள்ளிக்கிழமை கிளம்ப வேண்டும், உதவி!!

ஈரோட்டுக்காரி | செவ்வாய், இரவு 9.40
எல்லாருக்கும் வணக்கம், அவசரம். சனிக்கிழமை பழைய பேட்டரிகளை எடுத்துவிட்டு லித்தியம் போட்டோம். ஞாயிறும் திங்களும் விளக்கெல்லாம் நன்றாக எரிந்தது. இன்று சாயங்காலத்திலிருந்து எதுவும் இல்லை. விளக்கு இல்லை, தண்ணீர் பம்ப் இல்லை, ஃபிரிட்ஜ் கேஸில்கூடப் பற்றவில்லை (சிலிண்டர் போன வாரம்தான் நிரப்பியது). பேட்டரியே மோசமா? திருப்பி அனுப்பிவிடலாமா? வெள்ளிக்கிழமை காலை குழந்தைகளோடு ஸ்மோக்கி மலைக்குக் கிளம்ப வேண்டும், அங்கே எல்க்மான்ட் முகாமில் ஆறு மாதத்துக்கு முன்பே இடம் பதிவு செய்தது.

தார்ரோடு | 9.52
வண்டி எது, எந்த ஆண்டு? மோட்டார் ஹோமா, பின்னால் இழுத்துப் போகும் டிரெய்லரா? கன்வெர்ட்டர் (வெளிக் கரண்டை 12 வோல்ட்டாக்கி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பெட்டி) பழையதா, மாற்றியதா? பேட்டரி முனையில் மீட்டர் வைத்தால் எத்தனை வோல்ட் காட்டுகிறது? இதெல்லாம் தெரியாமல் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

காரீயம் | 9.58
நான் ஐந்து வருடமாகச் சொல்கிறேன், யாரும் கேட்பதில்லை. பழைய வண்டிக்குப் பழைய பேட்டரிதான் பொருந்தும். கோல்ஃப் வண்டி 6 வோல்ட் பேட்டரி இரண்டு, மாதம் ஒருமுறை காய்ச்சி வடித்த தண்ணீர், முடிந்தது கதை. லித்தியத்துக்கு 14.4 வோல்ட் வேண்டும், உங்கள் கன்வெர்ட்டர் 13.8 கூடத் தருமா சந்தேகம். குளிர் 0 டிகிரிக்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்றக் கூடாது. பணத்தைத் திரும்ப வாங்குங்கள்.

எலிப்பொறி | 10.05
எலி. கண்டிப்பாக எலி. குளிர்காலத்தில் வண்டி நின்றதா? என் 2001 வண்டியில் ஃபர்னஸுக்குப் பின்னால் போகும் வயர் முழுவதையும் தின்றுவிட்டிருந்தது. கட்டிலுக்குக் கீழே டார்ச் அடித்துப் புழுக்கை இருக்கிறதா என்று பாருங்கள்.

பழையகை | 10.11
இந்தக் கேள்வி இங்கே குறைந்தது இருபது முறை வந்திருக்கிறது. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கலாமே. வாசல் பக்கத்தில் பேட்டரி துண்டிக்கும் சுவிட்ச் இருக்கும், அதைக் குழந்தைகள் தட்டியிருப்பார்கள். இல்லையென்றால் பிளஸ் மைனஸ் மாற்றிப் போட்டிருப்பீர்கள், ஃபியூஸ் பலகையில் தலைகீழ் இணைப்புக்கென்று இரண்டு பெரிய ஃபியூஸ் உண்டு, அது போயிருக்கும். வீட்டுக்காரரைப் பேசச் சொல்லுங்கள் சிஸ்டர், சீக்கிரம் முடியும்.

ஈரோட்டுக்காரி | 10.37
வீட்டுக்காரருக்குப் பல்பு மாற்றக்கூடத் தெரியாது சார், பேட்டரி போட்டது நான்தான். சுவிட்ச் சரியாக இருக்கிறது. மாற்றிப் போட்டிருந்தால் இரண்டு நாள் எப்படி விளக்கு எரியும்? பெரிய ஃபியூஸ் இரண்டையும் எடுத்துப் பார்த்தேன், முழுசாக இருக்கிறது. எலிப் புழுக்கை இல்லை.

வண்டி 1995, ஃபோர்டு ஈ-350 மேல் கட்டிய கிளாஸ் சி மோட்டார் ஹோம், 27 அடி, 7.5 லிட்டர் எஞ்சின். கேலனுக்கு எட்டு மைல் கொடுத்தால் சந்தோஷப்படுவோம். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தாத்தாவிடமிருந்து 8,500 டாலருக்கு வாங்கினோம், ஓட்டுநர் தலைக்கு மேலே உள்ள படுக்கையை அழுத்தினால் பஞ்சு போல உள்ளே போனது, பிரித்துப் பார்த்தால் முன் ஜன்னல் வழியாகப் பல வருடமாக மழைத் தண்ணீர் இறங்கி மரச்சட்டம் முழுக்க மட்கியிருந்தது, யாரோ மேலே சிலிக்கானாக அப்பி மூடி வைத்திருந்தார்கள், அதைச் சுரண்டி எடுக்கவே மூன்று வாரம் ஆனது. புதுச் சட்டம் போட்டு, ஜன்னலைக் கழற்றி பியூட்டைல் டேப் வைத்து மறுபடி மாட்டி, கூரை ஓரமெல்லாம் தானே பரவி மட்டமாகும் சீலன்ட் ஊற்றினோம். டயர் ஆறும் மாற்றினோம், பார்க்கப் புதுசாகத்தான் இருந்தது, பக்கவாட்டு எண்ணைப் பார்த்தால் 2009ஆம் ஆண்டு 31ஆவது வாரம். திரை என் பழைய சுங்குடிப் புடவை. இத்தனையும் செய்துவிட்டு ஒரு பேட்டரி மாற்றியதில் மாட்டிக்கொண்டேன் என்பதுதான் எரிச்சல்.

கன்வெர்ட்டர் வண்டியோடு வந்த பழையதுதான். மீட்டர் 0.9 வோல்ட் காட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வீட்டு கரண்டில்தான் செருகியிருக்கிறது.

தார்ரோடு | 10.49
நல்லது, இப்போது பேசலாம். 0.9 என்றால் பேட்டரி செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. லித்தியம் பேட்டரிக்குள் பி.எம்.எஸ். என்று ஒரு காவல்காரன் இருக்கிறான். சார்ஜ் ரொம்பக் கீழே இறங்கினால் அவன் கதவைச் சாத்திவிடுவான், வெளியே மீட்டருக்குக் கிட்டத்தட்ட பூஜ்யம்தான் தெரியும். புது பேட்டரி பெரும்பாலும் பாதிச் சார்ஜில்தான் வரும், அந்தப் பாதியில் இரண்டு நாள் விளக்கு எரிந்திருக்கிறது. ஃபிரிட்ஜ் பற்றாததற்கும் அதுதான் காரணம், கேஸில் ஓடினாலும் அதன் கட்டுப்பாட்டுப் பலகைக்கு 12 வோல்ட் வேண்டும்.

காரீயம் சொல்வது பாதி சரி. பழைய கன்வெர்ட்டர் லித்தியத்தை முழுதாக நிரப்பாது. ஆனால் மூன்று நாள் செருகியிருந்தும் பேட்டரி காலியாகிறது என்றால், நிரப்பாதது மட்டுமில்லை, ஒரு சொட்டுகூட ஏற்றவில்லை. மைக்ரோவேவில் மணி தெரிகிறதா? கன்வெர்ட்டரில் சத்தம் வருகிறதா?

ஈரோட்டுக்காரி | 10.58
மைக்ரோவேவ் மணி ஞாயிறிலிருந்தே இல்லை, பையன் பிளக்கைப் பிடுங்கிவிட்டான் என்று நினைத்தேன். கன்வெர்ட்டர் முன்பெல்லாம் ம்ம்ம் என்று முனகிக்கொண்டே இருக்கும். லித்தியம் போட்ட பிறகு அந்தச் சத்தம் இல்லை, அட பரவாயில்லையே என்று சந்தோஷப்பட்டோம்.

மாவரைப்பவன் | 11.02
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். லித்தியம் 100 ஆம்ப்-மணி பேட்டரியில் வெட் கிரைண்டர் ஓடுமா? என்னிடம் 2000 வாட் இன்வெர்ட்டர் இருக்கிறது.

காரீயம் | 11.06
காட்டுக்குள் போய் மாவாட்டப் போகிறீர்களா?

மாவரைப்பவன் | 11.08
பத்து நாள் பயணம், நான்கு பேர். ஆட்டித்தான் ஆக வேண்டும்.

பழையகை | 11.15
இன்வெர்ட்டர் ப்யூர் சைனா (வீட்டு கரண்ட் போலச் சீரான அலை), மாடிஃபைடா (கரடுமுரடான அலை)? மாடிஃபைட் என்றால் மோட்டார் உறுமும், சூடாகும், சீக்கிரம் போய்விடும். ப்யூர் சைன் என்றால் தாராளமாக ஓடும். மேஜைக் கிரைண்டர் 150, 200 வாட்தான், 100 ஆம்ப்-மணி பேட்டரியில் 1,280 வாட்-மணி இருக்கிறது, முக்கால் மணி நேரம் ஆட்டினாலும் வலிக்காது. இண்டக்‌ஷன் அடுப்பு வைத்தால்தான் தகராறு, 1,800 வாட்டுக்கு 12 வோல்ட் பக்கம் 150 ஆம்ப் இழுக்கும், பேட்டரி படக்கென்று துண்டித்துவிடும்.

மெல்பர்ன்வாசி | 11.21
எங்கள் ஊர் கேரவனில் இந்தத் தொல்லையே இல்லை, ஒரே 230 வோல்ட், ஊரிலிருந்து கொண்டுவந்த கிரைண்டரை பிளக் அடாப்டர் மட்டும் மாட்டிச் செருகலாம்.

எலிப்பொறி | 11.24
கேரவன் என்றால் எனக்கு ஷூட்டிங்கில் ஹீரோ ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் ஞாபகம் வருகிறது :)

மெல்பர்ன்வாசி | 11.30
நீங்கள் ஆர்.வி. என்றால் எனக்கு ஏதோ கம்பெனிப் பெயர் மாதிரி இருக்கிறது. கேரவன் என்பது இழுத்துப் போவது. ஓட்டிப் போவது மோட்டார் ஹோம். இதில் என்ன குழப்பம்?

தார்ரோடு | 11.33
கொஞ்சம் நிறுத்துங்கள். ஈரோட்டுக்காரி, வீட்டில் எதில் செருகியிருக்கிறீர்கள்? சுவரில் இருக்கும் சாதாரண 15 ஆம்ப் பிளக்கிலா, ஆர்.வி.க்கென்று தனி அவுட்லெட்டா? யார் போட்டது, எப்போது?

ஈரோட்டுக்காரி | 11.41
முன்பெல்லாம் கராஜில் இருக்கும் சாதாரண பிளக்கில் அடாப்டர் போட்டு. போன வாரம் எலக்ட்ரீஷியன் வந்து 30 ஆம்ப் ஆர்.வி. அவுட்லெட் புதிதாகப் போட்டுக் கொடுத்தார், ஞாயிறு அதில்தான் முதல்முறை செருகினோம். அதில் ஒன்றும் பிரச்சினை இல்லை, அப்பா ஊரிலிருந்து வந்திருக்கிறார், நாற்பது வருடம் வயரிங் வேலை பார்த்தவர், மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு 240 கச்சிதமாக வருகிறது என்று சொன்னார்.

தார்ரோடு | 11.42
உடனே பிரேக்கரை இறக்குங்கள். இப்போதே. அப்புறம் வண்டி கேபிளைக் கழற்றுங்கள். கழற்றிவிட்டு வந்து சொல்லுங்கள்.

ஈரோட்டுக்காரி | 11.50
கழற்றிவிட்டேன். என்ன ஆச்சு?

தார்ரோடு | புதன், 12.04
30 ஆம்ப் ஆர்.வி. அவுட்லெட் 120 வோல்ட் மட்டும்தான். மூன்று கால், ஒன்று லைவ், ஒன்று நியூட்ரல், ஒன்று எர்த். பார்ப்பதற்குத் துணி உலர்த்தும் டிரையரின் பழைய பிளக் மாதிரியே இருக்கும், அதுவும் 30 ஆம்ப், ஆனால் 240. ஆர்.வி. பழக்கமில்லாத எலக்ட்ரீஷியன் 30 என்றதும் கை பழக்கத்தில் இரட்டை பிரேக்கர் போட்டு 240 கொடுத்துவிடுவார். நீங்கள் முதல் ஆளும் இல்லை, கடைசி ஆளும் இல்லை. அப்பா மேல் தப்பில்லை, ஊரில் பிளக்கில் 240 வந்தால்தான் சரி, அவர் கண்ணுக்கு அது சரியாகத்தான் தெரியும்.

120க்குச் செய்த பொருளில் 240 போனால் கன்வெர்ட்டரும் மைக்ரோவேவும் அந்த நிமிஷமே காலி. வண்டியின் மெயின் பிரேக்கர் ஆம்பியரைத்தான் பார்க்கும், வோல்ட்டைப் பார்க்காது, அதனால் விழாது. ஃபிரிட்ஜ் ஆட்டோவில் (கரண்ட் இருந்தால் கரண்டில், இல்லையென்றால் கேஸில் தானே ஓடும் அமைப்பு) இருந்ததா? அதன் ஹீட்டரில் வோல்ட் இரட்டிப்பானால் வாட் நான்கு மடங்கு. கூரை ஏசி அணைந்திருந்தால் பிழைத்திருக்கும். லித்தியம் பாவம், அது ஒன்றும் செய்யவில்லை.

பழையகை | 12.20
திருத்தம். ஆர்.வி.யில் 240 என்பதே கிடையாது என்பது போல எழுதாதீர்கள். 50 ஆம்ப் வண்டிகளுக்கு 240தான் வருகிறது. அடிப்படை தெரியாமல் மக்களைப் பயமுறுத்த வேண்டாம்.

தார்ரோடு | 12.27
50 ஆம்ப் பிளக்குக்கு நான்கு கால். இரண்டு லைவ், நடுவில் நியூட்ரல், வண்டிக்குள் அது இரண்டு 120 ஆகப் பிரிகிறது. இவர் வண்டி 30 ஆம்ப், மூன்று கால். நான் 30 பற்றித்தான் எழுதினேன், மறுபடி படியுங்கள்.

பழையகை | 12.31
பொதுவாகப் படிப்பவர்களுக்காகச் சொன்னேன்.

எலிப்பொறி | 12.36
பதினாறு வருடமாக இங்கே "பொதுவாக" மட்டும்தான் சொல்கிறீர்கள். அவர் வீட்டுக்காரரைக் கூப்பிடச் சொன்னதும் பொதுவாகத்தானா?

காரீயம் | காலை 7.15
காரீய பேட்டரியாக இருந்தால் இன்னும் நான்கு நாள் தாங்கியிருக்கும் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

ஈரோட்டுக்காரி | புதன், காலை 8.02
எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்தேன், முதலில் நம்பவில்லை, பெட்டியைத் திறந்து படம் அனுப்பியதும் அமைதியாகிவிட்டார், மதியம் வருகிறார். அப்பா காலையிலிருந்து காப்பிகூடக் குடிக்கவில்லை. பேட்டரியை எப்படி எழுப்புவது? வெள்ளிக்கிழமை போகலாமா, விட்டுவிடவா?

தார்ரோடு | 8.20
போகலாம், எல்க்மான்டில் கரண்ட் இணைப்பே கிடையாது, உங்களுக்கு 12 வோல்ட்டும் கேஸும் போதும். வண்டி ஸ்டார்ட் ஆகாதபோது அழுத்துவதற்கென்று டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் இருக்கும், அது எஞ்சின் பேட்டரியையும் நீங்கள் போட்ட லித்தியம் பேட்டரியையும் சேர்க்கும். எஞ்சினை ஓடவிட்டு அதை அரை நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள், காவல்காரன் கதவைத் திறப்பான். பிறகு ஒரு மணி நேரம் வெளியே ஓட்டிவிட்டு வாருங்கள், நின்ற இடத்தில் எஞ்சினை ரொம்ப நேரம் சும்மா ஓட விடாதீர்கள், லித்தியம் பசியோடு இழுத்தால் ஆல்டர்நேட்டர் சூடாகிவிடும். இவ்வளவும் செய்யும் முன் கன்வெர்ட்டர் பக்கம் கருகிய வாசனையோ உருகிய வயரோ இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் எதையும் தொடாதீர்கள்.

கன்வெர்ட்டர் பெட்டியின் கீழ்ப்பகுதியை மட்டும் மாற்றக் கிட் கிடைக்கிறது, 55 ஆம்ப், லித்தியம் அமைப்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். வாங்கும்போதே கேபிளில் மாட்டும் மின்காவல் பெட்டி ஒன்றும் வாங்குங்கள். வோல்ட் 132க்கு மேலே போனாலோ 104க்குக் கீழே வந்தாலோ துண்டித்துவிடும்.

ஃபிரிட்ஜ் பற்றுவதற்கு முன் அடுப்பை ஒரு நிமிஷம் எரியவிடுங்கள், சிலிண்டர் மாற்றினால் குழாயில் காற்று இருக்கும். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் மஞ்சள் பொடி உதிர்ந்திருந்தால் மட்டும் சொல்லுங்கள், அது வேறு கதை.

ஈரோட்டுக்காரி | புதன், மாலை 6.48
விளக்கு வந்துவிட்டது!! 13.1 காட்டுகிறது. கருகல் வாசனை கன்வெர்ட்டருக்குள் மட்டும்தான், வயர் எல்லாம் சுத்தமாக இருக்கிறது. ஃபிரிட்ஜ் மூன்றாவது தடவை பற்றியது, நீலச் சுடர், மஞ்சள் பொடி இல்லை. எலக்ட்ரீஷியன் அவுட்லெட்டை ஒற்றை பிரேக்கராக மாற்றிவிட்டார், இப்போது 121 வோல்ட். அப்பாதான் மீட்டர் வைத்துப் பார்த்தார்.

மாவரைப்பவன் | 7.05
இன்வெர்ட்டரில் ப்யூர் சைன் என்று எழுதியிருக்கிறது. நன்றி பழையகை அண்ணா.

எலிப்பொறி | 7.30
ஸ்மோக்கிக்கு வீட்டு விறகு எடுத்துப் போகாதீர்கள், பூச்சி பரவும் என்று அனுமதிப்பதில்லை, சூடேற்றி முத்திரை போட்ட கட்டுதான் செல்லும். எலிகளையும் விட்டுவிட்டுப் போங்கள்.

தார்ரோடு | சனி, காலை 10.14
கிளம்பினீர்களா? ஃபிரிட்ஜ் இரவு முழுக்கக் குளிர்ந்ததா? வீட்டு கரண்டில் ஃபிரிட்ஜ் ஓடுகிறதா என்று சோதித்தீர்களா?

ஈரோட்டுக்காரி | அடுத்த புதன், இரவு 11.20
வந்துவிட்டோம். கேஸில் நன்றாகக் குளிர்ந்தது. கரண்டில் ஓடவில்லை, ஹீட்டர் போய்விட்டது போல. கன்வெர்ட்டர் நாளை வருகிறது, அப்பாவும் நானும் மாட்டப் போகிறோம். எல்லாருக்கும் நன்றி.

தார்ரோடு | வியாழன், காலை 6.55
ஹீட்டரை மாற்றும் முன் பலகையில் இருக்கும் 5 ஆம்ப் கண்ணாடி ஃபியூஸைப் பாருங்கள். அது மட்டும் போயிருந்தால் ஒரு டாலர் வேலை.