7.5 சதவீதத்தில் உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகள் ஏன் வரவில்லை?

குடியாத்தத்திலிருந்து கேள்வி:
பெண் பிள்ளை, நெசவுக் குடும்பம். 6 முதல் 10 வரை அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழி, 11, 12 அரசு மேல்நிலைப் பள்ளி. நீட்டில் தகுதி பெற்றாச்சு. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வராது என்கிறார்கள். அந்தப் பள்ளி ஆசிரியர்களுக்கும் அரசுதானே சம்பளம் தருகிறது?

பதில் 1:
வராதுங்க. 2020 சட்டப்படி 6 முதல் 12 வரை மொத்தமும் அரசுப் பள்ளியாக இருக்கணும். மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் இதில் அடக்கம். விலக்கு ஒன்றுதான்: ஆர்டிஇ (கல்வி உரிமைச் சட்டம்) 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் 8 வரை படித்துவிட்டு, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள். நடுவில் ஒரே ஒரு வருஷம் வேறு பள்ளியில் இருந்தாலும் தகுதி போய்விடும். ஐந்தாம் வகுப்பு முடிகிறபோதே பெற்றோருக்கு இதைச் சொல்ல ஆளில்லை, அதுதான் கொடுமை.

அந்தப் பெண் தன் சாதிப் பிரிவின் பொது ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கட்டும். கல்லூரி மாணவிகளுக்கு அரசு மாதாமாதம் தரும் புதுமைப்பெண் திட்ட 1000 ரூபாயை விட்டுவிடாதீர்கள். உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழி படித்தவர்களுக்கும் அது இப்போது உண்டு. சேர்ந்த கல்லூரி மூலம் பதியணும்.

பதில் 2:
மாதம் 1000 ரூபாய்க்கு உதவிபெறும் பள்ளியை ஏற்றுக்கொண்ட அரசு, மருத்துவ இடத்துக்கு மட்டும் கதவைச் சாத்துவது என்ன நியாயம்? வேலூர், பேர்ணாம்பட்டு, வாணியம்பாடி பக்கம் பீடி, தோல், நெசவுத் தொழிலாளர் பிள்ளைகள் எத்தனையோ பேர் உதவிபெறும் பள்ளியில்தான் படிக்கிறார்கள். பள்ளிப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வைத்து வறுமையை அளக்க முடியாது.

பதில் 3:
நியாயமான ஆதங்கம். ஆனால் கணக்கைப் பாருங்கள். 100 எம்பிபிஎஸ் இடமுள்ள ஒரு அரசுக் கல்லூரியில் 15 அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும். மீதி 85இல் 7.5 சதவீதம் என்றால் ஆறு இடம்தான். அதுவும் 69 சதவீத சாதிவாரி இடஒதுக்கீட்டு முறைப்படி பிரிவுவாரியாகப் பிரியும். அதே ஆறில் நகரத்து உதவிபெறும் பள்ளிகளையும் சேர்த்தால், பீஞ்சமந்தை மலையிலிருந்து இறங்கி வரும் பிள்ளைதான் முதலில் வெளியே தள்ளப்படும். நீட் பயிற்சி, போக்குவரத்து எல்லாமே நகரத்துக்குச் சாதகம். இந்த ஒதுக்கீடு பற்றி ஆராய அரசு அமைத்த நீதியரசர் கலையரசன் குழு பரிந்துரைத்தது 10 சதவீதம். அரசு கொடுத்தது 7.5. விட்டுப்போன அந்த 2.5ஐ உதவிபெறும் பள்ளித் தமிழ்வழிப் பிள்ளைகளுக்குத் தனியாகக் கேளுங்கள். இது உள் ஒதுக்கீடு என்பதால் 69 சதவீதம் துளியும் குறையாது. சட்டத்திருத்தம் தேவை, 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் சட்டத்தைச் செல்லும் என்று சொல்லிவிட்டதால் சட்டமன்றம்தான் வழி.

பதில் 1 மீண்டும்:
இதை ஏற்கிறேன். இன்னொன்று, தகுதி உள்ளவர்களும் சான்றிதழில் கோட்டை விடுகிறார்கள். படித்த ஒவ்வொரு பள்ளியிலும் தலைமையாசிரியரிடம் தனித்தனியாகப் படிப்புச் சான்று வாங்கணும். எமிஸ் (பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் விவரத் தளம்) பதிவில் பெயர், பிறந்த தேதி, பள்ளி மாறிய வருஷம் மூன்றும் மாற்றுச் சான்றிதழோடு ஒத்துப்போகணும். பிளஸ் டூ தேர்வுக்கு முன்பே சரிபார்த்தால் திருத்த நேரம் இருக்கும். கலந்தாய்வு அறிவித்த பிறகு ஓடினால் பழைய பள்ளியில் பதிவேடு தேடவே நாள் போய்விடும்.