‘இயங்குநிலைக் காட்டு மாதிரி’: ஒரு மறுப்பும் ஒரு மாற்றும்

அன்புடையீர், வணக்கம்.

தட்பவெப்பம் மாறும்போது ஒரு நிலத்தின் மரமும் புல்லும் என்னவாகும் என்று கணிக்கும் கணினிக் கணக்கீடுகளுக்கு (ஆங்கிலத்தில் dynamic vegetation model) ‘இயங்குநிலைக் காட்டு மாதிரி’ என்ற பெயரை முன்மொழிந்திருந்தீர்கள். மூன்று சொற்களிலும் எனக்குத் தயக்கம் உண்டு. ‘காடு’ பற்றித்தான் மிகுதி.

கொங்கு நாட்டில் காடு என்றால் முதலில் மானாவாரி நிலம். ‘அப்பா காட்டுக்குப் போயிருக்கிறார்’ என்று எங்கள் வீட்டில் சொன்னால், அவர் சோளத்துக்குக் களை வெட்டப் போயிருக்கிறார் என்று பொருள். சத்தியமங்கலத்தில் புலி உலவும் இடத்தை மலை என்றோ வனம் என்றோதான் சொல்வோம். காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டையே எடுத்துக்கொள்ளுங்கள்: சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல், மேய்வது மாடு. வனத்துறை அகராதியில் அது காடன்று. ஆனால் இக்கணக்கீடுகளுக்கு மிகவும் உரிய நிலம் அதுவே. வெள்வேல் சி-3 வகை, கொழுக்கட்டைப் புல் சி-4 வகை; ஒளிச்சேர்க்கையில் கரியமில வாயுவைப் பிடிக்கும் இரு வேறு வழிகள் இவை. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. இந்த மிகுதியால் சி-3 மரத்துக்கே ஆதாயம் அதிகம். சி-4 புல்லோ அந்த வாயுவை இலைக்குள் ஏற்கெனவே செறிவாக்கிக்கொள்வதால் அதற்குக் கிடைப்பது குறைவு. ஆகவே மரம் புல்லை நெருக்கக்கூடும். மழை பொய்த்தாலோ தீப்பற்றினாலோ கணக்கு மறுபடி மாறும். பெயரில் காட்டை வைத்தால், இந்தப் போட்டியில் பாதியான புல் விடுபட்டுப்போகிறது.

‘இயங்குநிலைத் தாவரம்’ என்று திருத்தலாமே என்பீர்கள். தாவரம் என்பது ‘ஸ்தாவர’ என்ற வடசொல்லின் வழிவந்தது. அசையாதது என்பதே அதன் பொருள். அசையாததை இயங்கச் செய்வது எனக்குச் சற்றுச் சிரிப்பாக இருக்கிறது. உண்மையில் நகர்வது மரமன்று. ஒன்று பட்டுப்போன இடத்தில் வேறொரு வகை முளைத்து எழுவதால், தொகுதிதான் மாறுகிறது. முந்தைய சமநிலைக் கணக்கீடுகள் இன்ன மழைக்கும் வெப்பத்துக்கும் இன்ன தாவரம் என்று நிலப்படத்தை நிரப்பிவிட்டு ஓய்ந்தன. 2003-இல் வெளியான எல்.பி.ஜே. (LPJ) என்ற கணக்கீடு போன்ற இயங்குநிலை வகையினவோ உலகத் தாவரங்களைப் பத்தே வகைகளாக, மரத்தில் எட்டும் புல்லில் இரண்டுமாகச் சுருக்கி, ஒளிக்கும் நீருக்கும் அவற்றை ஆண்டுதோறும் போட்டியிட விடுகின்றன. தேக்கும் வெக்காலியும் அங்கே ஒன்றுதான்: வறண்ட பருவத்தில் இலையுதிர்க்கும் வெப்பமண்டல மரம்.

‘திணைமாற்றம்’ என்ற மற்றொரு பரிந்துரை அழகானது. முல்லையும் குறிஞ்சியும் திரிந்து பாலையாகும் என்ற சிலப்பதிகார அடி யாருக்கும் நினைவுக்கு வரும். ஆயினும் திணை என்றதும் தெய்வமும் தொழிலும் யாழும் பறையும் உடன்வந்து நிற்கின்றன. கரிமக் கணக்கில் அவற்றுக்கு இடமில்லை.

‘மாதிரி’ குறித்துச் சுருக்கமாக: மண் மாதிரி, இலை மாதிரி என்று களத்தில் நாள்தோறும் வழங்கும் சொல் அது. கணக்கீட்டை ‘மாதிரியம்’ என்று பிரித்துவிடலாம்.

ஆக, என் பரிந்துரை ‘மாறுநிலைத் தாவரத்தொகுதி மாதிரியம்’. நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘கொறங்காட்டு மண் மாதிரிகளின் ஈர அளவை மாறுநிலைத் தாவரத்தொகுதி மாதிரியத்தில் இட்டோம்’ என்று எழுதிப் பார்த்தேன், எங்கும் இடறவில்லை.