புதுப்பிப்பு: ஒரே நாவல், மூன்று பதிப்பகங்கள்

என் நாவலை ஒரே சமயத்தில் மூன்று பதிப்பகங்களுக்கு அனுப்பலாமா என்று செப்டம்பரில் கேட்டிருந்தேன். பாதிப் பேர் தாராளமாக என்றீர்கள். மீதிப் பேர் அது மரியாதையில்லை என்றீர்கள். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அனுப்பினேன். இரண்டு மின்னஞ்சல்களில் "வேறு இடங்களிலும் பரிசீலனையில் இருக்கிறது" என்று ஒரு வரி சேர்த்தேன். மூன்றாவதில் சேர்க்கவில்லை. மறதி என்று சொல்ல ஆசைதான், ஆனால் பயம். எனக்கு மிகவும் பிடித்த பதிப்பகம் அது.

நவம்பரில், சொல்லி அனுப்பிய இருவரில் ஒருவர் சரி என்றார். ஜனவரியில் சென்னை புத்தகக் காட்சி, அதனால் அவருக்கு அவசரம். அந்தச் சந்தோஷத்தில் மற்ற இருவருக்கும் எழுதுவதை நான்கு நாள் தள்ளிப்போட்டேன். ஐந்தாம் நாள் மூன்றாமவரிடமிருந்து ஃபோன்.

"நாலு அத்தியாயம் திருத்தி வெச்சிருக்கேன் தம்பி. அந்தக் கிணத்தடிச் சண்டையை மட்டும் கொஞ்சம் குறைக்கலாமா?"

எனக்கு வியர்த்துவிட்டது. விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "முதல்லயே ஒரு வரி போட்டிருக்கலாமே" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இன்னொருவருக்கு அன்று மாலையே எழுதினேன். "வாழ்த்துகள், அடுத்ததை எங்களுக்குக் காட்டுங்கள்" என்று பதில் வந்தது, அவ்வளவுதான்.

அப்புறம், சிறுகதையை இப்படி இதழ்களுக்கு அனுப்பலாமா என்று கேட்டவர்களுக்கு: வேண்டாம். சில இதழ்களில் கதை தேர்வான தகவல் நமக்கு வருவதற்கு முன்பே அது அச்சேறிவிடும்.

கிணற்றடிச் சண்டையை இரண்டு பக்கம் குறைத்துவிட்டேன். அவர் சொன்னது சரிதான்.